சிவப்புப் பூ வந்த பிறகு

எங்கள் தாமான் குடியிருப்பில் ஹாரன் சத்தம் கேட்டால் ஆண்கள் பின்வாசல் வழியாக நழுவிய காலம் ஒன்று உண்டு. போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வந்தது ஒரு மஞ்சள் நிறப் பள்ளிக்கூட வேன். அதை ஓட்டி வந்தது ஒரு பெண்.

அவரை நாங்கள் வேன்கார அக்கா என்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. நானும் இங்கே அவர் பெயரை எழுதப் போவதில்லை. காலையில் திகாம் பத்துப் பக்கம் உள்ள தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார். மத்தியானம் திரும்பக் கூட்டி வருவார். இடையில் இருக்கிற நேரத்தில் மற்ற வேன்காரர்கள் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள், தூங்குவார்கள். இவர் நேராக எங்கள் தாமானுக்கு வந்து, அன்றைக்கு யாருக்குக் கிளினிக்கோ அவர் வீட்டுக் கேட் முன்னால் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்துவார். அந்த ஆள் வெளியே வரும்வரை கையை எடுக்க மாட்டார்.

யாருக்கு எந்தக் கிழமை என்பது அவர் மண்டையில் இருக்கும். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் இழுக்கிற அப்பாய்ன்மென்ட். மறந்துபோவதற்கென்றே கொடுத்தது போல இருக்கும். எங்கள் ஆண்களுக்கு அதுதான் வசதி. இவர் மறக்க மாட்டார்.

எதிர்வீட்டு அண்ணன் ஒருவர், தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்தவர், ஒருநாள் கேட்டுக்குள் நின்றுகொண்டே சொன்னார்.

"அக்கா, இன்னிக்கு வரலக்கா. முட்டி வலி தாங்கல."

"முட்டிய இங்கயே வெச்சிட்டு நெஞ்ச மட்டும் தூக்கிட்டு வாங்கண்ணே. இன்னிக்கு நெஞ்சுக்குத்தான் அப்பாய்ன்மென்ட்."

அவர் ஏறினார். ஏறாமல் என்ன செய்வது? தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. அந்த வேன் இருக்கைகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. பெரிய ஆம்பிளைகள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாய்க்கு வந்துவிடும். யாரோ ஒரு பிள்ளை விட்டுப் போன தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, மீசை நரைத்தவர்கள் வரிசையாகக் குந்தியிருப்பதைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பு தாங்காது. "என்னோட பெரிய கிளாஸ் பசங்க" என்பார் அக்கா. "சின்னதுங்களாச்சும் சொன்னா கேக்குதுங்க."

மருந்து மாயம் எதுவும் அவருக்குத் தெரியாது. மாத்திரைப் பெயர் ஒன்றுகூட வாயில் நுழையாது. மஞ்சள், குட்டி வெள்ளை, நீட்டு ரோஸ் என்றுதான் சொல்வார். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து ஒரு கணக்குச் சொல்வார் அல்லவா, அதுவும் அக்காவுக்குப் புரியாது. அவர் மிஸ்ஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது வேனில் தீர்ப்புச் சொல்வார். "இன்னிக்கு மிஸ்ஸி மூஞ்சி சரியில்ல. ஒங்க வீட்டுல உப்பு டப்பாவ எறக்கி வெக்கச் சொல்லணும்." சொன்னபடியே நேராக அந்த வீட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

அடுத்த வீட்டு அடுப்படி, தன் வீட்டு அடுப்படி என்கிற வித்தியாசம் அவரிடம் கிடையாது. இதனால் அவரைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். வாய் நீளம், நாலு பேர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர் என்பார்கள். பொய் இல்லை. அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மத்தியானத்துக்குள் வேன் போகிற வழி எல்லாம் அது இறங்கிவிடும். கிளினிக் வரிசையில் புகுந்து நம்பர் எடுப்பதிலும் அவருக்கு வெட்கம் கிடையாது.

நம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் "சாப்ட்டியா?" என்று கேட்போம். அக்கா "மாத்திரை போட்டாச்சா?" என்பார். பாசாரில் காய் வாங்கும்போது கேட்பார். கோயிலில் சாமி கும்பிட்டுத் திரும்பும்போது கேட்பார். ஒருமுறை சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் மணவறைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நிற்கிறார். ஆசீர்வாதம் செய்ய மேடைக்கு ஏறிய அக்கா, மணமக்கள் தலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அந்த மனிதரின் காதுக்கு அருகில் போய் மெதுவாகத்தான் கேட்டார். வீடியோக்காரரின் மைக் பக்கத்தில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. இன்றும் அந்தக் கல்யாண வீடியோவில், தாலி கட்டி முடிந்து நாதஸ்வரம் ஓய்கிற இடத்தில், "மாத்திரை போட்டாச்சாண்ணே?" என்று அக்காவின் குரல் கணீரென்று கேட்கும். "இன்னிக்கு ஒரு நாளு வுடுக்கா" என்று அவர் கெஞ்சுவதும் கேட்கும்.

எல்லோரையும் அதட்டுகிறவர் தனக்கு மட்டும் சலுகை வைத்துக்கொண்டாரா என்றால், அதுவும் இல்லை. அவருக்கும் ரத்தக் கொதிப்பு இருந்தது. பள்ளி விடுமுறையில் எங்கள் தெருப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு கோலா கெடாவுக்கு மீன் வாங்கப் போவார். படகு வந்து நிற்கிற இடத்தில் பேரம் பேசி நல்ல மீனாக வாங்கித் தருவார். திரும்பும் வழியில் கருவாட்டுக் கடையில் வண்டி தானாக நிற்கும். கருவாடு என்றால் அவருக்கு உயிர். ஒரு துண்டைக் கையில் எடுத்து, மூக்கருகே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

"என்னக்கா, ஒரு துண்டு வாங்கிக்கயேன்" என்று ஒருமுறை நான் சொன்னேன்.

"டாக்டர் திங்க வேணாம்னாரு. மோந்து பாக்க வேணாம்னு சொல்லலியே."

கடைக்கார மலாய்க்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும். இன்னொரு தடவை மோந்தால் மீன் இளைத்துப் போய்விடும் என்று மலாயில் கேலி செய்வார். அக்கா அவரையும் விடமாட்டார். சிகரெட்டைப் பிடுங்காத குறையாகத் திட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டுக்குள் வரும்வரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தார். சட்டை போடாத உடம்பில் முத்து முத்தாக வியர்வை. "நெஞ்சுல காத்து புடிச்சிருக்கு. எண்ணெ எடுத்தாந்து தேய்ச்சு வுடு" என்றார். எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் காற்றுதான். நானும் காற்று என்றுதான் நினைத்தேன். மஞ்சள் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை பறிக்க அக்கா பின்வாசல் வழியாக வந்தார்.

"தேய்க்காத!"

அப்படி ஒரு சத்தத்தை அவரிடம் நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா என் வீட்டுக்காரர் முன்னால் குனிந்து, "தம்பி, கை கனக்குதா? தாடை இழுக்குதா?" என்று கேட்டார்.

"லேசாத்தான்கா. காத்துதான். ஒரு ஏப்பம் வந்தா போயிரும்."

"ஏப்பத்த ஆஸ்பத்திரில வந்து வுடுங்க. எந்திரிங்க."

"சட்டை போட்டுக்கிட்டு வரேன்கா."

"சட்டை பின்னால வரும். நீங்க மொதல்ல வாங்க."

அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். அக்கா பொறுக்கவில்லை. கைலியோடும் துண்டோடும் அவரைப் பள்ளிக்கூட வேனில் சாய்த்து உட்கார வைத்து, சுங்கை பட்டாணி வரைக்கும் ஹாரனில் இருந்து கை எடுக்காமல் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனதும், இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று சொன்னார்கள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றும் சொன்னார்கள். நடைவழியில் நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். என் உள்ளங்கையில் எண்ணெய் அப்படியே இருந்தது. அக்கா தன் துப்பட்டாவால் அதைத் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்க ஆளுக்கு நான் ஒரு பாட்டில் பூரா தேய்ச்சேன் தங்கச்சி. தேய்க்கத் தேய்க்க, நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

எத்தனையோ வருசம் பக்கத்தில் இருந்தும் அவர் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிருந்து அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு மாற்றி, குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வலைபோல ஒரு சின்னக் கம்பி. ரத்தம் அதில் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை உண்டு, அதை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கம்பி அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் என்னையும் வைத்துக்கொண்டு படித்துப் படித்துச் சொன்னார். வீட்டுக்காரரும் தலையாட்டினார். அந்தக் கட்டிலில் படுத்திருக்கும்போதே அவர் ஒரு நேர்த்திக்கடனும் வைத்தார். எழுந்து நடந்தால், வருகிற பங்குனி உத்திரத்துக்கு ஒரு மண்டலம் விரதம் இருந்து முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. எனக்குச் சந்தோஷம். முருகன்தானே அவரைத் திருப்பிக் கொடுத்தான்.

காப்புக் கட்டிய அன்றைக்குக் காலையில் அவர் மாத்திரைப் பையை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தார்.

"விரதம் முடியற வரைக்கும் இது வேணாம்."

"டாக்டர் ஒரு நாளுகூட வுடக் கூடாதுன்னாருங்க!"

"உசுரு குடுத்தது டாக்டரா? முருகன். எங்கப்பா விரதத்துல காய்ச்சல் வந்தாகூட திருநீறத்தான் பூசிக்குவாரு. மருந்து உள்ள இருந்தா ஒடம்பு சுத்தம் இல்ல. அதுல மாட்டுத் தோலு வேற கலக்குறாங்களாம்."

எங்கள் ஆட்களிடம் இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. விரதம் என்றால் கறி மீனோடு சேர்த்து மாத்திரையையும் ஒதுக்கிவிடுவார்கள். தப்பு செய்கிறோம் என்று நினைத்துச் செய்வதில்லை. பக்தியில்தான் செய்கிறார்கள். அதனால்தான் அதை மறுத்துப் பேச வாய் வராது. எனக்கும் வரவில்லை. மாத்திரையைப் போடச் சொன்னால் சாமி குற்றம். சொல்லாவிட்டால் மனுஷன் போய்விடுவார். பூசை அறையில் நின்று யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் அழுதேன். மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் தெருவுக்குள் வந்ததும் நானே ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "ஏறு" என்றார். மாத்திரைப் பையோடு நேராகக் கிளினிக் மருந்துக் கவுன்டருக்குப் போனோம். அங்கே தலையில் தூடோங் கட்டிய ஒரு மலாய்ப் பெண். இதில் மாட்டுத் தோல் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். அந்தப் பெண்பிள்ளை சிரித்துவிட்டது. "எங்க ஆளுங்களும் இதத்தான் கேக்குறாங்கக்கா. அவங்களுக்குப் பன்னியான்னு சந்தேகம்" என்று மலாயில் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எல்லாம் வெறும் மாத்திரை, தோலில் செய்கிற கேப்ஸ்யூல் கூடு எதிலும் இல்லை என்றது. பிறகுதான் நேற்றிலிருந்து நிறுத்திவிட்டார் என்று நான் சொன்னேன். அதன் சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய் டாக்டரைக் கேட்டு வந்து, இன்றைக்கே, இப்போதே ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஆளைக் கூட்டி வாருங்கள் என்றது.

வீட்டுக்கு வந்து அக்கா சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

"தோலு இல்லன்னா நல்லதுக்கா. ஆனா மருந்து மருந்துதானே. குடுத்த வாக்க நான் அரைகுறையா செய்ய மாட்டேன்."

"முருகனே சொன்னா?"

"முருகன் சொன்னா போடுறேன்."

"அப்பச் சரி. கெளம்புங்க. அவன்கிட்டயே கேட்டுருவோம்."

எங்கள் கோயில் பழைய தோட்டத்துக்குள் இருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்து, தொழிலாளர்களின் லயத்து வீடுகளும் போய்விட்டன. முருகன் மட்டும் அதே இடத்தில் நிற்கிறான். பூசை செய்கிற பண்டாரத்திடம் அக்கா விஷயத்தைச் சொல்லிப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றிச் சந்நிதியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் மாத்திரை போடலாம். சிவப்பு வந்தால் விரதம் முடியும்வரை தொடக் கூடாது. அக்கா தைரியமாகத்தான் நின்றார். "என் முருகன் என்னைக் கைவுட மாட்டான்" என்று என் காதில் சொன்னார்.

"யாரு வீட்டு விஷயமோ அந்த வீட்டுப் பொம்பள எடுக்கணும்" என்றார் பண்டாரம்.

நான்தான் எடுத்தேன். கண்ணை மூடி, முருகா என்று மனசுக்குள் கத்திக்கொண்டு எடுத்தேன். பண்டாரம் நூலைப் பிரித்தார்.

சிவப்பு.

வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "பாத்தீங்களாக்கா" என்று மெல்லச் சொன்னார். ஜெயித்துவிட்ட குரல் இல்லை அது. அவருக்கும் வெள்ளை வந்தால் தேவலை என்றுதான் இருந்திருக்கிறது. முகத்தில் தெரிந்தது. பண்டாரத்துக்கே மனசு கேட்கவில்லை. "வேணும்னா இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாம்மா" என்றார்.

"வேணாம் சாமி" என்றார் அக்கா. "அவன் சொல்லிட்டான். வெள்ளை வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு கேக்கறது இல்ல. கற்பூரம் ஏத்துங்க."

பண்டாரம் தட்டில் கற்பூரம் ஏற்றினார். அக்கா சந்நிதிக்கு நேராகப் போய் நின்றார். தெருவில் யாரிடம் பேசுவாரோ, அதே குரலில் பேசினார்.

"முருகா, நீ வேணாம்னுட்ட. நான் கேட்டுக்கிட்டேன். ஆனா இந்தத் தம்பி மாத்திரை போடப் போறாரு. நான் போட வெக்கப் போறேன். அதுனால என்ன குத்தம் வந்தாலும் அவரத் தொடாத. இந்தப் புள்ளயத் தொடாத. எல்லாத்தையும் என் தலையில போடு. நான் வாங்கிக்கிறேன். இது சத்தியம்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

பண்டாரம் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அக்கா அதே கையில், கரி படிந்து சிவந்திருந்த அந்த உள்ளங்கையில், பையைத் திறந்து மாத்திரைகளை எடுத்து வைத்து என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார்.

"இப்ப ஒங்க வெரதத்துக்கு ஒரு கொறையும் இல்ல. எல்லாக் குத்தமும் எனக்கு வந்தாச்சு. போடுங்க தம்பி."

அவர் முருகனைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிய மாத்திரையை வாங்கி வாயில் போட்டார். பண்டாரம் தீர்த்தச் செம்பை எடுத்து அவர் கையில் ஊற்றினார்.

முருகன் ஏன் சிவப்பைக் கொடுத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பண்டாரத்தையும் பிறகு கேட்டேன். "தெரியலம்மா" என்று மட்டும் சொன்னார். சில நேரம் அது என் கை எடுத்ததுதானே என்று நினைப்பேன். சில நேரம், அந்த அக்காவின் மனசு எவ்வளவு பெரியது என்று எங்களுக்குக் காட்டத்தான் கொடுத்தானோ என்று நினைப்பேன். சாமியை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்று அவரைக் குறை சொன்னவர்கள் எங்கள் தெருவில் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உள்ளே நிற்பது வெறும் கல் என்று நினைக்கிறவருக்கு எந்தச் சத்தியமும் லேசு. உயிரோடு நிற்கிறான், கேட்கிறான், தண்டனையும் கொடுப்பான் என்று முழுசாக நம்புகிற ஒருவர், தெரிந்தே தன் தலையை நீட்டினார். என்னால் அது முடியாது. என் சொந்தப் புருஷனுக்காகக்கூட அன்றைக்கு என்னால் முடியவில்லை. இப்படி ஒரு பெண் எங்கள் தெருவில் இருந்தார் என்று சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மண்டலம் முழுக்க விரதமும் நடந்தது, மாத்திரையும் நடந்தது. பங்குனி உத்திரத்தன்று என் வீட்டுக்காரர் தலையில் பால்குடம் வைத்து நடந்தார். அக்கா பின்னாலேயே வந்தார். தண்ணீர்ப் பந்தலில் யாரோ என் வீட்டுக்காரருக்குச் சிவப்பாகச் சீனிப் பாகு கலந்த தண்ணீரை நீட்ட, "பச்சத் தண்ணி இல்லியா? நேந்துக்கிட்டு வர்ற ஆள சக்கரையில முக்கி எடுக்கறீங்களே!" என்று அந்தக் கூட்டத்திலும் சண்டை போட்டார். சந்நிதியில் பால் ஊற்றும்போது எனக்கு முருகன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குனிந்துகொண்டேன். அக்கா நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊர் அவரையே கவனித்தது. வேன் டயர் வெடித்தால், "ஆங், ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். காய்ச்சல் வந்தால் கிசுகிசுப்பார்கள். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது. பார்க்கப் போன ஒரு பெண், "சிவப்புப் பூ சும்மா வுடுமாக்கா?" என்றே கேட்டுவிட்டாள்.

"பாத்ரூம்ல சோப்பு வழுக்கறதுக்கு முருகன் எதுக்குலா மெனக்கெட்டு வரணும்?" என்றார் அக்கா. "அது கெடக்கட்டும். ஒன் மாமியாருக்கு மாத்திரை குடுத்தியா?"

அவர் சிரித்தார். என் வீட்டுக்காரருக்குச் சிரிக்க முடியவில்லை. அக்காவுக்குச் சின்னதாக ஒரு தும்மல் வந்தால்கூட இவர் முகம் மாறிவிடும். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். சந்நிதியில் நெடுநேரம் நிற்பார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு பள்ளியில் பிள்ளைகள் குறைந்து வேன் ஓட்டம் நின்றது. ஜித்ராவில் வேலை பார்க்கிற மகன் அக்காவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். சாமான் ஏற்ற லாரி வந்த அன்று காலையில் என் வீட்டுக்காரர் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையில் கற்பூரப் பொட்டலத்தோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அக்கா, போறதுக்கு முன்னாடி அதத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க."

லாரிக்காரர் ஏதோ சாமானைக் கேட்கிறார் என்று நினைத்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"எத?"

"எனக்காக வாங்கிக்கிட்டீங்களே, அத. கோயிலுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நானே கற்பூரம் அடிச்சு வாங்கிக்கிறேன். எனக்கு இப்ப ஒடம்பு நல்லா ஆயிருச்சு. வந்தா நான் தாங்கிக்குவேன்."

அக்கா அலுமினியப் பானையை லாரியில் ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"குடுக்க முடியாது போங்க."

"அக்கா, வெளையாடாதீங்க."

"யாரு வெளையாடறா? சாமி முன்னால வாங்கினது. நாளைக்கு ஒரு ஆளு, நாளன்னிக்கு ஒரு ஆளுன்னு மாத்திக்கிறதுக்கு அது என்ன வாடகை வேனா? அது என்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆகல பாத்தீங்கள்ல? முருகன் இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கான்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தம்பி, என் கையால தேய்ச்சு ஒருத்தர அனுப்பிட்டேன். இந்தக் கையால குடுத்து ஒருத்தர் இருக்கீங்க. இத நான் யாருக்கும் திருப்பித் தர மாட்டேன்."

வீட்டுக்காரர் கற்பூரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். லாரி போய்விட்டது.

அவர் மாறிப்போனது அதன் பிறகுதான். அதுவரை நான் எடுத்துக் கொடுத்தால் மாத்திரை போடுவார். இப்போது எழுந்ததும் திருநீறு பூசி, சாமி கும்பிட்டு, தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சிகரெட் பக்கமே போவதில்லை. குழம்பில் உப்புக் கூடினால் தட்டைத் தள்ளி வைக்கிறார். கிளினிக் நாளுக்குத் தானே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறார். காலையில் திடலைச் சுற்றி நடக்கிறார். மழை பெய்தால் பாசார் கூரைக்குக் கீழே நடக்கிறார்.

போன வாரம் நடந்து முடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனார். பால் இல்லாமல், சீனி இல்லாமல் ஒரு தேத்தண்ணீர் சொன்னார். எங்களுக்குப் பழக்கமான பாய்தான். நெய் மினுங்குகிற ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டி வம்புக்கு இழுத்தார்.

"ஏண்ணே, ஒங்களுக்குத்தான் எல்லாம் சரியாப் போச்சே. இன்னும் எதுக்கு இப்படிப் பயந்து பயந்து சாப்புடுறீங்க? ஒரு ரொட்டியில என்ன ஆயிடும்?"

"எனக்குப் பயம் இல்ல பாய்" என்றார் என் வீட்டுக்காரர். "ஜித்ராவுல ஒரு அக்கா எனக்காகக் கற்பூரம் அடிச்சிருக்காங்க. நான் விழுந்துட்டேன்னு வைங்க, பாத்தியா, சிவப்புப் பூ வந்தும் கேக்காம செஞ்சாளேன்னு ஊரே அவங்களச் சொல்லும். சொல்ல வுடுவேனா?"

தட்டைப் பாய் பக்கமே நகர்த்திவிட்டு, தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, இன்னொரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.